தொட்டியின் அடியில் ஒரு துளை

எர்சிரா பார்ரியா பதினேழு வருஷம் சால்மன் மீன் அறுத்தாள். கழிமுகத்தின் கரையில் இருந்த ஆலையில், காலை ஏழு மணிக்கு வெள்ளை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மேஜை முன் நின்றால், பனிக்கட்டித் தண்ணீரில் மிதந்து வரும் மீனை எடுத்து, முதுகோடு பிளந்து, முள்ளை உருவி, பக்கத்தில் நிற்பவளிடம் தள்ள வேண்டும். பக்கத்தில் நின்றவள் நோல்ஃபா. நோல்ஃபாவின் மூத்த மகளுக்கு எர்சிராதான் ஞானத்தாய். அந்த ஞானஸ்நானத்திலிருந்து இருவரும் ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். சண்டை போடும்போதும் அப்படித்தான்.

ஓர் ஆகஸ்ட் மாதம் ஆலை மூடப்பட்டது. பூமியின் தென்பாதி என்பதால் அங்கே ஜூலையும் ஆகஸ்டும்தான் கடுங்குளிர், ஜனவரி கோடை. மீனுக்கு ஏதோ நோய் என்றார்கள், முதலாளிகள் இன்னும் தெற்கே போய்விட்டார்கள் என்றார்கள். வேலை இழந்தவர்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தருவதாக அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகளைத் திறந்துவிட்டது. ஓர் அறையில் ஆண்களுக்கு வெல்டிங். எதிர் அறையில் பெண்களுக்குக் கேக்.

எர்சிரா நேராக வெல்டிங் அறைக்குள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. உயரம் குறைவு, தோள் அகலம்.

"தோன்யா, கேக் வகுப்பு எதிர்த்தாப்பல நடக்குது" என்றார் வாத்தியார். அங்கே பெண்ணை மரியாதையாக அழைப்பது ‘தோன்யா’, ஆணை ‘தோன்’.

"தெரியும். வாசனை வருது."

"இது நெருப்போட விளையாடுற வேலை. கை ஆடக் கூடாது."

"பதினேழு வருஷம் முள்ளெடுத்த கைங்க இது. நூறு மீன்ல ஒண்ணுல முள்ளு நின்னாலும் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. உங்க ஆம்பளப் பசங்கள்ல எவன் கை ஆடாம நேர்கோடு போடுறான்னு முதல்ல பாருங்க. அப்புறம் என்னை எழுப்பி விடுங்க."

வாத்தியார் பார்த்தார். எழுப்பவில்லை. மூன்றாவது மாதம், மெல்லிய எவர்சில்வர் தகட்டை ஓட்டை விழாமல் ஒட்டவைக்கும் ஒரே ஆளாக அந்த வகுப்பில் அவள் இருந்தாள்.

அவள் புருஷன் அபெலினோவுக்கு ஒரு படகு. கரைக்குக் கரை ஆளையும் மூட்டையையும் ஏற்றி இறக்குவது அவன் பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் அவன் அப்பா காலத்து மரத்தொட்டி ஒன்று, ஆப்பிள் கள் ஊறப்போட்டது, சும்மா கிடந்தது. ஆலையை விட்ட பிறகும் எர்சிராவின் மணிக்கட்டுக்குள் இருந்த குளிர் போகவில்லை. சுற்றுலாக்காரர்கள் வந்து தங்கும் குடில்களில் மரத்தொட்டிக்குள் வெந்நீர் நிரப்பி மழையில் உட்கார்ந்திருப்பதை அவள் போகவரப் பார்த்திருக்கிறாள். அங்கே அடுப்பைத் தொட்டிக்குள்ளேயே இறக்கியிருந்தார்கள். பாதி இடத்தை அடுப்பே அடைத்துக்கொண்டது. அடுப்பை வெளியே வைத்துவிட்டு, தண்ணீர் தானாகப் போய்ச் சூடேறித் திரும்பி வருகிற மாதிரி செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

"என் அப்பன் கள்ளுத் தொட்டியில என் பொண்டாட்டியவா வேக வைக்கப் போறே?" என்றான் அபெலினோ.

"உன்னையும்தான் கிழவா. முதல்ல தண்ணி இறை."

பெட்டிக்குள் பெட்டியாக ஒரு பாய்லர் செய்தாள். உள்பெட்டியில் விறகு எரியும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி, அதில் தண்ணீர். அங்கிருந்து தொட்டிக்கு மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். தண்ணீர் நிரப்பி, நெருப்பு மூட்டி, ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொட்டிக்குள் இறங்கினாள். தோள்பட்டை வெந்தது. பாதம் ஆலையில் நின்ற மாதிரியே விறைத்தது.

"மேல ஜனவரி வெயில், கீழ ஜூலைப் பனி" என்று சொல்லி அபெலினோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வருஷம் பூராத்தையும் ஒரே தொட்டியில அடைச்சுட்டியே."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மாத்தே என்னும் இலைக் கஷாயம் குடித்த சுரைக்குடுக்கையைக் கையில் எடுத்து, அடியில் தங்கிய இலைச்சக்கையை அப்படியே தொட்டிக்குள் கொட்டினாள். தொட்டி விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். மேலே கிடந்த சக்கை மெதுவாக நகர்ந்தது, கீழே இறங்கியது, கீழ்க்குழாயின் துளைக்குள் புகுந்து பாய்லருக்குப் போனது. துளைக்குக் கீழே விழுந்த சக்கை மட்டும் அசையாமல் கிடந்தது. துளையை அவள் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் போட்டிருந்தாள். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு நெருப்பு மூட்டிய சேதியே போய்ச் சேரவில்லை.

மறுநாள் அந்தத் துளையை மரக்கட்டை அடித்து அடைத்தாள். தொட்டியின் தரையை ஒட்டினாற்போல், மூன்று விரல் உயரத்தில் புதுத் துளை போட்டாள். மேல்குழாய் எங்கும் தொய்யாமல், பாய்லரிலிருந்து தொட்டிவரைக்கும் ஏறுமுகமாகவே போகும்படி தூக்கிக் கட்டினாள். அடுத்த தடவை மூன்று மணி நேரத்தில் தலை முதல் கால்வரை ஒரே சூடு. அபெலினோ கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்தான்.

அடுத்த நான்கு வருஷத்தில் அந்தக் கரையில் ஒன்பது குடில்களுக்கு அவள் பாய்லர் செய்து கொடுத்தாள். கொடுக்கும்போது சொல்வது ஒன்றே ஒன்று: "மேல்குழாய் முங்குற வரைக்கும் தண்ணி நிரப்பாம தீக்குச்சியக் கையால தொடாதீங்க. தண்ணி இல்லாத பாய்லர் அரை மணி நேரத்துல பப்படம்."

ஆனால் ஆலையில் அவளோடு நின்ற பெண்கள் யாருக்கும் குடில் கிடையாது, தொட்டி கிடையாது. நோல்ஃபாவின் வலதுகை விரல்கள் மடங்குவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உருளைக்கிழங்கு உரிப்பது மகள். தலைபின்னுவது மகள். இன்னும் பதினோரு பேருக்குத் தோளிலும் மணிக்கட்டிலும் அதே கதை. ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு யாஸ்னா என்ற நர்ஸ் வந்தபிறகுதான் அதற்கு ஒரு வழி பிறந்தது. வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்து கைகளை அசைத்துப் பழக்கினால் பலன் இருக்கும் என்று அவள் எழுதிப் போட்டு, நகராட்சியைத் துரத்தி, சைப்ரஸ் பலகையில் செய்த இரண்டு பெரிய தொட்டிகளை வாங்கிவிட்டாள். பாய்லர் யார் செய்வது என்பதை ஊர்ச்சபை முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊர்ச்சபைத் தலைவர் தோன் எலெயுதேரியோவுக்கு முத்திரை குத்திய காகிதத்தின் மேல் தனி மரியாதை. புவெர்த்தோ மோன்ட் நகரத்தில் பட்டறை வைத்திருந்த நிபால்தோ கிளென்னர் என்பவரை அவர் வரவழைத்திருந்தார். நிபால்தோவிடம் மூன்று காகிதம் இருந்தது, மூன்றிலும் முத்திரை இருந்தது. ஆள் நெட்டை, பேச்சு நயம், பட்டறையில் எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள்.

கூட்டத்தில் எர்சிரா எழுந்து நின்றபோது நிபால்தோ அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"தோன்யா செய்யுற பாய்லரை வர்ற வழியில பார்த்தேன். அழகா இருக்கு. உருளைக்கிழங்கு வேகவைக்கத் தோதான சைஸு. இன்னிக்குக் கிழங்கு கொண்டு வந்தீங்களா?"

சபை சிரித்தது. எர்சிராவும் சிரித்தாள்.

"கிழங்கு நாளைக்குக் கொண்டாறேன் தோன் நிபால்தோ. தலைவரே, தொட்டி ரெண்டு இருக்கு. ஒண்ணுக்கு அவர் மாட்டட்டும், ஒண்ணுக்கு நான் மாட்டுறேன். ஒரே அளவு தண்ணி, ஒரே அளவு விறகு. எது முதல்ல முப்பத்தேழு டிகிரிக்கு வருதோ, ரெண்டு தொட்டிக்கும் அவங்களே செய்யட்டும். காயிதத்தை அடுப்பு பத்தவைக்க வச்சுக்கலாம்."

தலைவருக்குக் கடைசி வரி பிடிக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்.

வெளியே வந்ததும் நோல்ஃபா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "கொமாத்ரே, அந்த ஆளுக்கு எட்டுப் பேர் வேலை பார்க்குறாங்க. தோத்துட்டேன்னா என்ன பண்ணுவே?"

"தோத்தா அவரு பாய்லர்ல குளிப்போம். யார் காய்ச்சினா என்ன, வெந்நி வெந்நிதானே."

"அப்போ தோப்பேன்னுதான் நெனைக்கிறியா?"

"இல்லடி. நீ கேட்டே, சொன்னேன்."

சனிக்கிழமையும் மழை. ஜூன் மாதத்தில் அங்கே மழை இல்லாவிட்டால்தான் செய்தி. சுகாதார நிலையத்தின் பின்புறம், பத்தடி இடைவெளியில் இரண்டு தொட்டிகளும் நின்றன. முந்தின நாளே இருவரும் வந்து அவரவர் துளைகளைப் போட்டு, குழாய் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நிபால்தோவின் பாய்லர் ஆளுயரம், பளபளவென்று, கதவில் கண்ணாடி வைத்தது. எர்சிராவின் பாய்லர் இடுப்புயரம்கூட இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் அரையடி பள்ளம் தோண்டி அதில் இறக்கியிருந்தாள்.

"ஏன் குழிக்குள்ள வச்சிருக்கீங்க, வெக்கமா?" என்றார் நிபால்தோ.

"சூடான தண்ணிக்கு மேல ஏறத்தான் தெரியும். அடுப்பு தாழ இருந்தா அதுக்குச் சவுகரியம்."

சொல்லிக்கொண்டே அவள் அவருடைய தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கீழ்க்குழாய் எங்கே நுழைகிறது என்று பார்த்தாள். அவர் அடிப்பட்டை இரும்பு வளையத்துக்கு வெகு மேலே, தொட்டியின் உயரத்தில் ஏறக்குறைய நடுவில் துளை போட்டிருந்தார். நெட்டை பாய்லர், அதன் கீழ்வாய் உயரத்தில் இருந்தது. குழாய் வளையாமல் நேராகப் போவதற்கு அதுதான் வசதி. எர்சிரா தன் தொட்டிக்குத் திரும்பி வந்தாள்.

"என்னடி பார்த்தே?" என்று நோல்ஃபா கிசுகிசுத்தாள்.

"நல்ல வெல்டிங். கை சுத்தம்."

இருவருக்கும் காய்ந்த லூமா மர விறகு ஒரே உயரத்துக்கு அடுக்கப்பட்டது. யாஸ்னா இரண்டு தொட்டியிலும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள். இரண்டும் எட்டு டிகிரி. பத்து மணிக்குத் தலைவர் விசிலை ஊதினார்.

நிபால்தோவின் அடுப்பு முதலில் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நெருப்பு முழங்கியது. அரை மணி நேரத்தில் அவர் தொட்டியின் மேல் ஆவி பறந்தது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. குடையும் தார்ப்பாயுமாக ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். யாரோ பெரிய சட்டியில் பூசணி கலந்த சொபாய்பியா அப்பம் பொரித்து, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அபெலினோ தின்றபடியே இரண்டு தொட்டிக்கும் நடுவில் நடந்தான்.

"ஏ கிழவி, அங்க கஞ்சி காய்ச்சலாம் போல இருக்கு. நம்மது இன்னும் தவளை நீந்துற பதத்துலதான் இருக்கு."

"தின்னுட்டு வாயை மூடிக்கிட்டு நாலு விறகு எடுத்துக் கொடு. சின்னதா."

அவள் விறகைச் சிறு துண்டாகப் பிளந்து, கால் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். ஒரு தடவைகூட அடுப்பை வாய் நிறைய அடைக்கவில்லை. புகைப்போக்கியில் புகை வந்தால் காற்றுவாயைத் திறந்தாள், புகை தெளிந்ததும் பாதி சாத்தினாள். மேல்குழாயை அவ்வப்போது தொட்டுப் பார்த்தாள். அது சூடாக இருந்தது. கீழ்க்குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. அது போதும் அவளுக்கு.

பதினொன்றரைக்கு நிபால்தோவின் பாய்லருக்குள் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டது. உள்ளே தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. "சக்தி அதிகம்" என்று அவர் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு யாஸ்னா குனிந்து தெர்மாமீட்டரைப் படித்தாள். நிபால்தோவின் தொட்டி முப்பத்தெட்டு. எர்சிராவின் தொட்டி இருபத்தெட்டு.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நிபால்தோ தொப்பியைக் கழற்றித் தலைவரைப் பார்த்துத் தலையசைத்தார். தலைவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். மீன் ஆலைப் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஒரே பக்கமாக நின்றுகொண்டு எர்சிராவின் முகத்தைப் பார்த்தார்கள்.

எர்சிரா கையுறையைக் கழற்றி இடுப்பில் சொருகினாள்.

"ஒரு நிமிஷம் தலைவரே. யாஸ்னா, நம்ம பொம்பளைங்க தலையை மட்டும் நனைக்கப் போறாங்களா, முழு ஆளா உட்காரப் போறாங்களா?"

"முழு ஆளாத்தான் தோன்யா எர்சிரா. கழுத்துவரைக்கும்."

"அப்போ தண்ணியைக் கலக்கிவிட்டுப் பாரு. ரெண்டையும். ஏ அபெலினோ, படகுல இருந்து துடுப்பை எடுத்துட்டு வா."

அபெலினோ ஓடிப்போய்த் துடுப்போடு வந்தான். "கலக்குறது பந்தயத்துல சொல்லலையே" என்று நிபால்தோ ஆரம்பித்தார். ஆனால் யாஸ்னா துடுப்பைக் கையில் வாங்கிவிட்டாள். முதலில் எர்சிராவின் தொட்டியை அடிவரை விட்டு இருபது சுற்று கலக்கினாள். தெர்மாமீட்டரை இறக்கினாள். இருபத்தேழு. பிறகு நிபால்தோவின் தொட்டி. துடுப்பு அடியைத் தொட்டு மேலே வந்ததும் ஆவி சட்டென்று அடங்கியது. இருபது சுற்று. யாஸ்னா இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு."

பெண்கள் பக்கத்திலிருந்து நோல்ஃபாவின் குரல் வந்தது: "தலைவரே, விசிலைக் கீழ இறக்குங்க. பல்லு கூசும்."

அதன் பிறகு சிரிப்பு அடங்க நேரம் ஆனது. நிபால்தோ சிரிக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. துடுப்பை வாங்கி அவரே விடாமல் கலக்கினார், விறகை அள்ளிப் போட்டார், சட்டை நனைய வேலை பார்த்தார். எர்சிரா தன் பாட்டுக்குச் சின்ன விறகுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றே கால் தாண்டி ஐந்து நிமிஷத்தில் அவள் தொட்டி முப்பத்தேழைத் தொட்டது. நிபால்தோவின் தொட்டி அப்போது முப்பது. அவளுடைய அடுக்கில் பதினான்கு விறகு மிச்சம் இருந்தது. அவருடைய அடுக்கில் ஒன்றும் இல்லை. தலைவர் விசிலை ஊதினார், சற்று மெல்லமாக.

நிபால்தோ துடுப்பைச் சாத்திவிட்டுக் சட்டைக்கையைச் சுருட்டி, அவள் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு அடியைத் துழாவினார். துளை அகப்பட்டதும் விரலால் அளந்து பார்த்தார்.

"தரையை ஒட்டி" என்றார்.

"மூணு விரல். அதுக்கு மேல போட்டா, கீழ இருக்குற தண்ணி செத்த தண்ணி."

"காலையிலேயே பார்த்தீங்க. என் தொட்டியைச் சுத்தி வந்தப்போ."

"பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்க கேட்டீங்க. கிழங்கைப் பத்தித்தானே கேட்டீங்க."

அவர் கையை வெளியே எடுத்து உதறினார். முதன்முதலாக முகத்தில் உண்மையான சிரிப்பு வந்தது. "நான் பதினெட்டு வருஷமா இந்த உயரத்துலதான் போடுறேன் தோன்யா எர்சிரா. வாங்கினவங்கள்லாம் கால் குளிருதுன்னு சொல்வாங்க. மழையில உட்கார்ந்தா குளிரத்தான் செய்யும்னு சொல்லி அனுப்பிடுவேன்."

"இனிமே சொல்லாதீங்க. உங்க பாய்லர் நல்ல பாய்லர். அது நிக்கிற காலை வெட்டிக் குட்டையாக்குங்க, கொஞ்சம் பள்ளத்துல இறக்குங்க, துளையைக் கீழ போடுங்க. என்னோடதைவிட வேகமாக் காயும். உள்ள அவ்வளவு நெருப்பு இருக்கு."

இதை அவள் எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள். அபெலினோ பக்கத்தில் வந்து, "தொழில் ரகசியத்தை இப்படியா அவுத்து விடுவே?" என்று பல்லைக் கடித்தான். "துளை போடுறது என்ன ரகசியம்? எட்டிப் பார்த்தா தெரியுது" என்றாள் அவள்.

பெண்கள் குளியல் உடையும் கம்பளித் தொப்பியுமாக ஆறு பேர் முதலில் இறங்கினார்கள். ஆண்களை யாஸ்னா முன்பக்கத்துக்கு விரட்டிவிட்டாள். மழை தலையில் விழுந்தது, கழுத்துக்குக் கீழே வெந்நீர். நோல்ஃபா வலதுகையைத் தண்ணீருக்குள் வைத்து, யாஸ்னா சொல்லிக்கொடுத்தபடி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். கால் மணி நேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் உள்ளங்கையைத் தொட்டன. மற்ற இரண்டு பாதியில் நின்றன.

"மூணு வந்துருச்சு" என்றாள் நோல்ஃபா. "மத்த ரெண்டும் உன்னை மாதிரி, கொமாத்ரே. பிடிவாதம்."

எர்சிரா தொட்டிக்கு வெளியே பாய்லர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து விளிம்பில் கையூன்றி, அந்த மூன்று விரலையும் பார்த்தாள். ஆலையில் பதினேழு வருஷத்தில் அந்தக் கைக்கு எத்தனையோ ஆயிரம் மீனை அவள் தள்ளியிருப்பாள். திரும்பிப் போய் இன்னும் இரண்டு விறகு போட்டாள். அவள் கண்ணைத் துடைத்ததை நோல்ஃபா பார்த்துவிட்டு, புகை என்று வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது தொட்டிக்கும் எர்சிராவே பாய்லர் செய்தாள். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு நெருப்பு மூட்டுவார்கள், பதினொன்றுக்குப் பெண்கள் வருவார்கள். நோல்ஃபா இப்போது கிழங்கைத் தானே உரிக்கிறாள், மெதுவாக. சுண்டுவிரல் மட்டும் இன்னும் மடங்குவதில்லை.

நிபால்தோ பட்டறைக்குத் திரும்பிப் போய்க் குட்டையான பாய்லர் செய்ய ஆரம்பித்துவிட்டார். தூரத்துத் தீவுகளிலிருந்து ஆர்டர் வந்தால், தன் ஆட்களுக்குப் படகுப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி எர்சிராவின் பெயரைக் கொடுத்துவிடுவார். அவளுக்குப் படகு வீட்டிலேயே இருக்கிறது.

போன மார்ச்சில் அப்படி ஒரு தீவுக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் அலை. பாய்லரைத் தார்ப்பாயில் சுற்றிப் படகின் நடுவில் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்கள் சேர்ந்து தங்கள் குடியிருப்புக்கு ஒரு தொட்டி வாங்கியிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் துறைக்கு வந்து நின்றார்கள். படகில் அபெலினோவையும் எர்சிராவையும் பார்த்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் யாரையோ தேடினார்கள்.

"மேஸ்திரி வரலீங்களா?" என்று ஒருவர் அபெலினோவிடம் கேட்டார்.

அபெலினோ கயிற்றைக் கட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். எர்சிரா ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்து, மறுகாலைத் துறைப்பலகையில் ஊன்றி, பாய்லரின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வந்தாச்சு" என்றாள். "அந்தப் பக்கத்தைப் பிடிங்க. குழாய்ல இடிக்காமத் தூக்குங்க. தொட்டியில தண்ணி நிரப்பிடலையே? முதல்ல துளை போடணும்."